ஏரியைச் சுற்றி ஓடி வந்ததும் எது நல்லது: கடலை உருண்டையா, சுண்டலா, கேழ்வரகுக் கஞ்சியா, உருளையும் முட்டையுமா?

கொடைக்கானலில் ஓடினால் வியர்க்கவா செய்யும் என்று மதுரையில் இருக்கும் சொந்தக்காரர்கள் கேட்பார்கள். நன்றாகவே வியர்க்கும். ஸ்வெட்டருக்குள் வியர்ப்பதால் வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான். ஏரியைச் சுற்றிய சாலை ஏறக்குறைய 5 கிலோமீட்டர். ஒரு ஜனவரிக் காலையில் இரண்டு சுற்று ஓடினேன். ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பார்த்ததில் 700 கிராம் குறைந்திருந்தது. அதில் பெரும்பகுதி தண்ணீர், கூடவே உப்பு. ஒரு லிட்டர் வியர்வையோடு சுமார் ஒரு கிராம் சோடியம் போகும். சிலருக்கு இதில் பாதி, சிலருக்கு இரட்டிப்பு. கீழே சமவெளியில் என்றால் தாகமே நம்மைத் தண்ணீர்ப் பானைக்கு இழுத்துப் போய்விடும். குளிரில் தாகம் மந்தமாகிவிடும். அதனால் இங்கே உடற்பயிற்சி முடிந்து சாப்பிடுவதில் உப்பும் நீரும் இருக்கிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். புரதக் கணக்கெல்லாம் அதற்கு அப்புறம்.

அண்ணன் மகள் இதை ஒத்துக்கொள்ள மாட்டாள். அவள் கல்லூரியில் வாலிபால் ஆடுகிறாள், வாரம் மூன்று நாள் எடை தூக்குகிறாள். "அத்தை, உங்களுக்குத் தண்ணிதான் போகுது. எனக்குத் தசை வேணும்" என்பாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒரே அடுப்படியில் இரண்டு பேருக்கும் செய்து பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

கடலை உருண்டைக்குப் பெரிய பலம், அது எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருப்பது. இரண்டு உருண்டை 40 கிராம் இருக்கும். அதில் சுமார் 6 கிராம் புரதம், 18 கிராம் மாவுச்சத்தும் சர்க்கரையும். குறை என்னவென்றால், நிலக்கடலையில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. ஓடி வந்த சூட்டில் தின்றால் வயிற்றில் கல்லைப் போட்ட மாதிரி உட்கார்ந்துகொள்ளும். உப்பும் இல்லை. அப்புறம், வெல்லம் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வரும்போது, மூடி சரியில்லாத டப்பாவில் வைத்த உருண்டை இரண்டே நாளில் நமத்துப் போகிறது. பாகு வேறு இந்தக் குளிரில் சட்டென்று இறுகிவிடும். கையில் அரிசி மாவைத் தொட்டுக்கொண்டு, சட்டியை அடுப்பை விட்டு இறக்காமலே உருட்ட வேண்டியிருக்கிறது.

கொண்டைக்கடலைச் சுண்டல் புரதத்தில் அதைவிட மேல். 150 கிராம் கிண்ணத்தில் 13 கிராம் கிடைக்கும். உப்பு போட்டுத்தான் தாளிக்கிறோம் என்பதால் அந்தக் கவலையும் இல்லை. ஆனால் இந்த மலையில் அதை வேகவைப்பதே ஒரு வேலை. நாம் இருப்பது சுமார் 2,100 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவதால் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் வைத்தால் பொழுது போகுமே தவிர, கடலை வேகாது. குக்கரிலும் சமவெளிக் கணக்கு சரிப்படாது; கீழே ஐந்து விசில் என்றால் எங்கள் வீட்டில் எட்டு. குளிர்ந்த தண்ணீரில் கடலை மெதுவாகத்தான் ஊறும் என்பதால், முந்தின நாள் மதியமே போட்டுவிடுகிறேன். இன்னொன்று, சுண்டலில் நார்ச்சத்து அதிகம். ஓடி முடித்த உடனே எனக்கு அது ஒத்துக்கொள்வதில்லை. முக்கால் மணி நேரம் கழித்து, குளித்துவிட்டு வந்து தின்றால் அருமை.

என் கட்சி கேழ்வரகுக் கஞ்சி. 40 கிராம் மாவைக் கரைத்துக் காய்ச்சினால் 29 கிராம் மாவுச்சத்து, 3 கிராம் புரதம், 130 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். கஞ்சி வெதுவெதுப்புக்கு ஆறிய பிறகுதான் தயிரைக் கடைந்து ஊற்ற வேண்டும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் திரிந்துவிடும். 120 கிராம் தயிர் சேர்த்தால் இன்னும் 4 கிராம் புரதம். மேலே நறுக்கிய சின்ன வெங்காயம், அரை டீஸ்பூன் உப்பு. அந்த அரை டீஸ்பூனில் ஒரு கிராம் சோடியம் இருக்கிறது, அதாவது ஒரு லிட்டர் வியர்வையில் போனதற்கு ஈடு. ரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். தண்ணீர் குடிக்கவே தோன்றாத காலையில்கூட ஒரு சொம்புக் கஞ்சி தானாக உள்ளே இறங்கும். வெதுவெதுப்பாக இருப்பது இங்கே பெரிய விஷயம். ஓட்டம் நின்ற பத்து நிமிடத்தில் ஈர பனியன் முதுகில் ஒட்டி நடுக்கம் பிடிக்கும்போது, குளிர்ந்த மோரை யார் குடிப்பார்?

சமவெளியில் கூழை ராத்திரி புளிக்க வைப்பார்கள். இங்கே மாவைக் கரைத்து வைத்தால் காலையில் அப்படியேதான் இருக்கிறது. அதனால் புளிப்பைத் தயிரிலிருந்துதான் வாங்கிக்கொள்கிறேன். அந்தத் தயிரும் லேசில் உறையாது. உறை குத்திய பாத்திரத்தைப் பழைய கம்பளியில் சுற்றி அடுப்போரம் வைத்தால்தான் விடிவதற்குள் கட்டியாகிறது.

ஆனால் தயிரோடு சேர்த்தும் கஞ்சியில் மொத்தப் புரதம் 7 கிராம்தான். எடை தூக்கியவருக்கு ஒரு வேளைக்கு 20 முதல் 25 கிராம் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. இந்த இடத்தில் அண்ணன் மகள் ஜெயிக்கிறாள். அவளுடையது வேகவைத்த உருளைக்கிழங்கு 200 கிராம், முட்டை இரண்டு, மேலே உப்பும் மிளகுத்தூளும். மாவுச்சத்து 40 கிராம், புரதம் 16 கிராம். ஒரு தம்ளர் பால் சேர்த்தால் 20 கிராமைத் தாண்டிவிடும். உருளையில் பொட்டாசியமும் தாராளம். கிழங்கு இந்த மலையிலேயே விளைகிறது, மிளகும் கீழ்ப்பழனி மலைத் தோட்டங்களில் விளைவதுதான். முட்டை மட்டும் 10 நிமிடத்தில் வேகாது, இங்கே 13 நிமிடம் விடுங்கள். முட்டை சாப்பிடாத வீட்டில் சுண்டலோடு ஒரு கிண்ணம் தயிர் வைத்தால் ஏறக்குறைய அதே அளவு வந்துவிடும்.

வாழைப்பழத்தைப் போட்டியில் சேர்க்கவில்லை, ஏனென்றால் அது எல்லாவற்றோடும் போகும். விருப்பாச்சி மலைவாழை கிடைத்தால் விடாதீர்கள். ஈரப்பதம் குறைந்த பழம். பழனி பஞ்சாமிர்தம் கெடாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். முடிக்கொத்து நோய் வந்து எத்தனையோ தோட்டங்களில் அழிந்துபோன ரகம் இது, சந்தையில் பார்க்கும்போதெல்லாம் மனசு நிறைகிறது. பஞ்சாமிர்தத்தையே தின்னலாமா என்று கேட்பவர்களுக்கு: சர்க்கரை உடனே கிடைக்கும், உப்பும் புரதமும் கிடைக்காது. எனக்கு அது பிரசாதமாகவே இருக்கட்டும்.

அரை மணி நேரத்துக்குள் தின்றே ஆக வேண்டும் என்ற அவசரமும் தேவையில்லை. அன்றைக்கு மறுபடி ஆட வேண்டியிருந்தால்தான் அது முக்கியம். அண்ணன் மகளுக்கு ஒரே நாளில் இரண்டு ஆட்டம் வரும்போது, எடையில் ஒரு கிலோவுக்கு மணிக்கு ஒரு கிராம் மாவுச்சத்து என்று கணக்கு வைக்கிறோம். அவள் 52 கிலோ. அந்த இடைவேளையில் சுண்டலும் கடலை உருண்டையும் செரிக்காது. உப்பிட்ட உருளையும் வாழைப்பழமும்தான் சரி. முட்டை ஆட்டம் முடிந்த பிறகு.

இந்தச் சனிக்கிழமை அவளுக்குத் திண்டுக்கல்லில் ஆட்டம். கீழே வெயில், இங்கே போல இருக்காது. உருளை, பழத்தோடு பிளாஸ்கில் என் கஞ்சியையும் வைத்துவிடச் சொல்லியிருக்கிறாள், உப்பு கொஞ்சம் கூடுதலாக.