கல்லூரி உணவு வங்கி: பொருள் சரி, நேரம்தான் சரியில்லை

மாணவர்களுக்கு இலவசமாக உணவுப்பொருள் தரும் எங்கள் கல்லூரி உணவு வங்கிக்கு இந்தப் பருவம் முழுக்கப் போய்வருகிறேன். விடுதிக் கட்டணம் கட்டியபின் மிஞ்சும் பணம் மாதக் கடைசிவரை தாங்குவதில்லை. இதே நிலையில் வகுப்பில் இன்னும் பலர் உண்டு. வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

முதலில் பிடித்தது, அடையாள அட்டையைக் காட்டினால் போதும் என்பது. வருமானச் சான்று, பெற்றோர் கையெழுத்து, எந்த விசாரணையும் கிடையாது. விருப்பமிருந்தால் ஆறு கேள்விகள் உள்ள ஒரு தாளை நிரப்பலாம். அமெரிக்க வேளாண் துறையின் சுருக்கப் படிவம் அது. காசில்லாமல் சாப்பாட்டைக் குறைத்தீர்களா, ஒரு வேளையை விட்டீர்களா என்று கேட்கும். இரண்டு கேள்விகளுக்கு ஆமாம் என்றாலே உணவுப் பாதுகாப்பு, அதாவது போதுமான சாப்பாடு கிடைக்கும் உறுதி, குறைவு என்று கணக்கு. ஐந்து என்றால் மிகக் குறைவு. பட்டினி கிடப்பவர்களுக்குத்தான் இதெல்லாம் என்று சொல்லிக்கொண்டே வந்த என் அறைத்தோழி மூன்றுக்கு டிக் போட்டாள்.

பொருளை அலமாரியிலிருந்து நாமே எடுக்கலாம். கட்டிவைத்த பையைக் கையில் திணித்தால் பாதி வீணாகும். ஒவ்வாமை உள்ளவர்கள் பாடு இன்னும் மோசம்.

ஆனால் திறந்திருப்பது வேலைநாள் மதியம் மட்டும். ஆய்வக வகுப்பு உள்ளவர்களும் பகுதிநேர வேலைக்கு ஓடுகிறவர்களும் எப்போது போவது? இவர்களுக்குத்தானே அதிகம் தேவை! விடுமுறையில் மெஸ் மூடும்போது இதையும் மூடிவிடுகிறார்கள். ஊருக்குப் போக வழியில்லாதவர்கள் அந்த வாரங்களை எப்படியோ ஓட்டவேண்டும். இதற்கு அங்கே நின்று வங்கியை நடத்தும் மாணவப் பிள்ளைகளைக் குறைசொல்ல மாட்டேன். 1993-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய உணவு வங்கியும் மாணவர்களே மாணவர்களுக்காக நடத்தியதுதான். ஆனால் தேர்வு நேரத்தில் எங்கள் பிள்ளைகளும் படிக்கவேண்டுமே. சம்பளத்துக்கு ஒரு ஆளைப் போடுவது நிர்வாகத்தின் வேலை.

இன்னொன்று: பொருட்களில் முக்கால்வாசிக்கு அடுப்பு வேண்டும். விடுதி அறையில் அடுப்பு வைத்தால் அபராதம். அப்படியே சாப்பிடக்கூடிய டப்பாக்கள் கீழ்த்தட்டில் இருக்கின்றன, ஆனால் பலவற்றுக்கு இழுத்துத் திறக்கும் வளையம் இல்லை. திறப்பான் ஒன்றை வாங்கி வாசலில் கட்டித் தொங்கவிட்டால் என்ன?

ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். போகிறவர்கள் சரக்கு வந்திறங்கும் நாளைக் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் போனால் கீழ்த்தட்டு காலியாக இருக்கும். பையை நீங்களே கொண்டுபோங்கள். அங்கே தரும் பையில் உணவு வங்கி என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள்.