சத்தம் வராத கொம்பியூட்டருக்கு மதர்போட் மாற்றச் சொன்னால் காசை எடுக்காதீர்கள்

புதுக்குடியிருப்புப் பக்கத்துக் குடும்பம் ஒன்று, மகளின் உயர்தர ஒன்லைன் வகுப்புக்கு வைத்திருந்த கொம்பியூட்டரைச் சத்தம் வரவில்லை என்று ரவுணில் உள்ள கடையொன்றுக்குக் கொண்டுபோனது. "சவுண்ட் சிப் எரிஞ்சிட்டுது, சிப்பைத் தனிய மாத்தேலாது, மதர்போட்தான் மாத்தோணும்" என்று சொல்லி, பாவித்த மதர்போட் (பெட்டிக்குள் எல்லாப் பாகமும் பூட்டப்படும் பெரிய பலகை) ஒன்றைப் பூட்டி, விண்டோஸையும் புதிதாக ஏற்றி, 22,000 ரூபா வாங்கியிருக்கிறார்கள். பற்றுச்சீட்டு இல்லை. டி டிரைவில் இருந்த பாடக்குறிப்புகள் இல்லை. 8 ஜிபி ராம் இருந்த பெட்டிக்குள் இப்போது 4 ஜிபி.

தகப்பன் பழைய மதர்போட்டைக் கேட்டு வாங்கி வந்ததால்தான் உண்மை வெளியே வந்தது. அதை மேசையில் வைத்து மின்சாரம் கொடுத்து பயோஸுக்குள் (விண்டோஸ் எழும்புமுன் மதர்போட்டே காட்டும் அமைப்புப் பக்கம்) போய்ப் பார்த்தால், எச்டி ஓடியோ கொன்ட்ரோலர் என்ற வரி 'டிஸேபிள்ட்' என்று கிடக்கிறது. 'எனேபிள்ட்' ஆக்கி, எஃப்10 அழுத்திச் சேமித்து, உபுண்டு (விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச இயங்குதளம்) ஏற்றிய பென்டிரைவில் எழுப்பியதும் சத்தம் சுத்தமாக வருகிறது. அந்த வரி தானாக அணையாது. மதர்போட்டில் உள்ள சிஆர்2032 என்ற சிறிய பட்டரி செத்தாலும் பயோஸ் தொடக்க அமைப்புக்குத்தான் திரும்பும். வீட்டு மதர்போட்டுகளில் அந்தத் தொடக்க அமைப்பு 'எனேபிள்ட்'. அந்த வீட்டில் பயோஸைத் திறக்கத் தெரிந்தவர் எவருமில்லை. பயோஸில் அணைத்துவிட்டால் ரியல்டெக் என்ற சவுண்ட் சிப்பின் பெயரே விண்டோஸில் தெரியாது. "பாருங்கோ, டிவைஸே காட்டேல்லை" என்று திரையைத் திருப்பிக் காட்ட அது ஒன்றே போதும்.

முதலில் வந்த பழுது என்ன? பழைய மொனிட்டரை மாற்றி எச்டிஎம்ஐ வயரில் புதியதைப் பூட்டியிருக்கிறார்கள். விண்டோஸ் சத்தத்தை அந்த வயர் வழியே மொனிட்டருக்கு அனுப்பத் தொடங்கிவிட்டது. மொனிட்டரில் ஸ்பீக்கர் இல்லை. அவ்வளவுதான். மணிக்கூட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஸ்பீக்கர் படத்தை அழுத்தி, வெளியீட்டை ரியல்டெக் ஸ்பீக்கருக்கு மாற்றினால் முடிந்திருக்கும். ஒரு நிமிட வேலை.

ஆகவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுமுன் வீட்டிலேயே இவற்றைப் பாருங்கள். ஸ்பீக்கரின் வயர் இளம்பச்சைத் துளையில் இருக்கிறதா? ரோஸ் நிறம் மைக்குக்கு, நீலம் வெளியிலிருந்து சத்தம் உள்ளே எடுக்க. அதே ஸ்பீக்கரைப் போனில் கொழுவிப் பாருங்கள். அங்கேயும் ஊமையென்றால் பழுது ஸ்பீக்கரில். பிறகு ஸ்பீக்கர் படத்தில் வலது கிளிக் செய்து சவுண்ட் செட்டிங்ஸ், அதற்குள் மோர் சவுண்ட் செட்டிங்ஸ், பிளேபாக் பக்கம். வெற்றிடத்தில் வலது கிளிக் செய்து 'ஷோ டிஸேபிள்ட் டிவைசஸ்' என்பதைத் தெரிவு செய்யுங்கள். மங்கலாக ஒளிந்திருந்த ஸ்பீக்கர் வெளியே வந்தால் எனேபிள் கொடுத்து, டிஃபோல்ட் ஆக்குங்கள்.

அங்கே ஒன்றுமே இல்லையென்றால் ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக், டிவைஸ் மனேஜர். சவுண்ட், வீடியோ அன்ட் கேம் கொன்ட்ரோலர்ஸ் என்ற கிளையிலோ அதர் டிவைசஸ் என்ற கிளையிலோ மஞ்சள் முக்கோணம் அல்லது கீழ்நோக்கிய அம்புக்குறி இருந்தால் இரட்டைக் கிளிக் செய்து கோட் இலக்கத்தை வாசியுங்கள். 22 என்றால் யாரோ அணைத்திருக்கிறார்கள். 28 என்றால் டிரைவர் (கருவியை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) இல்லை. 10 என்றால் டிரைவர் இருந்தும் கருவி தொடங்கவில்லை. அப்டேட் டிரைவர் போய், கொம்பியூட்டரில் உள்ள பட்டியலிலிருந்து நாங்களே தெரிவு செய்யும் வழியில் 'ஹை டெஃபினிஷன் ஓடியோ டிவைஸ்' என்பதைப் போட்டுப் பாருங்கள். விண்டோஸோடு வரும் பொது டிரைவர் அது, இணையம் தேவையில்லை. டீடெய்ல்ஸ் பக்கத்தில் கருவியின் அடையாள இலக்கமான ஹார்ட்வெயார் ஐடியும் பார்க்கலாம்: வென் (VEN) என்பதற்குப் பின்னால் 10இசி வந்தால் ரியல்டெக், 8086 இன்டெல், 10டிஇ என்விடியா, 1002 ஏஎம்டி. ரியல்டெக்கில் அடுத்து வரும் 0887, 0897 போன்றது சிப்பின் இலக்கமேதான். முழுதாக எரிந்துபோன சிப் தன் இலக்கத்தைச் சொல்லிக்கொண்டு இருக்காது. கடைக்காரருக்கு முன்னால் இந்த வரியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

டிவைஸ் மனேஜரில் பெயரே இல்லையா? ஷிஃப்ட் விசையைப் பிடித்தபடி ஷட்டவுண் கொடுங்கள் (சாதாரண ஷட்டவுணில் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை), பிளக்கைக் கழற்றி, பவர் பொத்தானை அரை நிமிடம் அமத்திப் பிடித்து, திரும்பப் பூட்டுங்கள். மயங்கிக் கிடந்த சிப் இதில் எழும்புவதுண்டு. எழும்பாவிட்டால் பயோஸில் மேலே சொன்ன வரி. அதிலும் தீராவிட்டால், கடைசித் தீர்ப்பு உபுண்டு பென்டிரைவ்: 8 ஜிபி போதும், 'ட்ரை உபுண்டு' மட்டும், இன்ஸ்டோல் அல்ல. அதில் சத்தம் வந்தால் மதர்போட் நல்லது, பழுது விண்டோஸில். 'டம்மி அவுட்புட்' (சத்தக் கருவி எதுவும் கிடைக்கவில்லை) என்று காட்டினால்தான் சிப்பைச் சந்தேகிக்க வேண்டும். புதிய மடிக்கணினிகள் சில நல்ல சிப்போடும் அதில் ஊமையாக இருக்கும் என்பதால், மடிக்கணினிக்கு இதை மட்டும் நம்ப வேண்டாம்.

முன்பக்கத் துளை மட்டும் வேலை செய்யாவிட்டால் பெட்டியைத் திறந்து, எஃப் ஓடியோ என்று எழுதிய ஒன்பது ஊசி இணைப்பைப் பாருங்கள். வயர் கழன்றிருக்கும், அல்லது எலி கடித்திருக்கும். சோளகத்தில் வரும் செம்மண் புழுதி துளைக்குள் இறுகுவதும் எங்கள் பக்கத்தில் சாதாரணம்.

சிப் உண்மையிலேயே சாவதும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை இடிமின்னல் ஒரு காரணம். இன்னொன்றை யாரும் நினைப்பதில்லை: கோயில் திருவிழாவிலோ முன்பள்ளி விழாவிலோ ஜெனரேட்டரில் ஓடும் பெரிய அம்ப்ளிஃபயரோடு கொம்பியூட்டரை நேரே கொழுவுவது. எர்த் சரியில்லாத இடத்தில் இரண்டுக்கும் இடையிலான மின்னழுத்த வித்தியாசம் அந்த மெல்லிய ஓடியோ வயர் வழியே பாய்கிறது. அப்படிச் செத்தாலும் மதர்போட் மாற்றத் தேவையில்லை. யூஎஸ்பி சவுண்ட் கார்ட் என்று கட்டைவிரல் அளவில் ஒன்று விற்கிறது, யூஎஸ்பி துளையில் செருகினால் டிரைவர்கூடக் கேட்காமல் பாடும். அந்தப் பிள்ளையின் வகுப்புக்கு அது தாராளம். இதைச் சொல்லாமல் மதர்போட்டுக்குப் போகிற கடையில் நிற்காதீர்கள்.

கொடுத்தே ஆகவேண்டுமென்றால், பெட்டியைத் திறந்து மதர்போட், ராம், டிஸ்க் மூன்றின் ஸ்டிக்கரையும் தொடர் இலக்கம் தெரியப் படமெடுங்கள். கழற்றிய பாகம் எல்லாம் திரும்ப வேண்டும் என்று முதலே சொல்லுங்கள். பற்றுச்சீட்டில் பாகத்தின் பெயரும் இலக்கமும் எழுதுவியுங்கள். ஏமாந்திருந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு எடுக்கலாம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி முறைப்பாடு எழுத்தில், மூன்று மாதத்துக்குள் போகவேண்டும். நாளைக்கு, நாளையின்றைக்கு என்று தள்ளாதீர்கள்.

டிரைவை அழித்துவிட்டார்கள் என்று தெரிந்தால் அந்த டிஸ்க்கில் ஒரு படம்கூட எழுதாதீர்கள். சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளால், வேறொரு டிஸ்க்குக்குள், நிறையவே மீட்கலாம். எஸ்எஸ்டி என்றால் வாய்ப்புக் குறைவு. எதுவானாலும் முதலில் கழற்றி வையுங்கள்.