கவுன்டரில் உட்காருவதற்கு முன்: தன்னம்பிக்கை நூலா, கவுன்சலிங் நூலா?

புது வேலை கிடைத்தால் நம் பக்கம் இரண்டு காரியம் நடக்கும். பட்டீஸ்வரமோ ஒப்பிலியப்பன் கோயிலோ, வேண்டிக்கொண்ட இடத்துக்குப் போய்வருவது ஒன்று. யாராவது ஒரு தன்னம்பிக்கைப் புத்தகத்தைப் பரிசாக நீட்டுவது இன்னொன்று. கோயிலைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. புத்தகத்தைப் பற்றி இருக்கிறது.

அக்கா மகள் மன்னார்குடிப் பக்கம் ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் உதவியாளராகச் சேரப் போகிறாள். "மாமா, சேர்றதுக்குள்ள எதைப் படிக்கட்டும்?" என்று கேட்டாள். அவள் முன்னால் புத்தகங்களை இரண்டு வரிசையாக எடுத்து வைத்தேன். ஒரு வரிசையில் டேல் கார்னகி, ஸ்டீபன் கவி, எம்.எஸ். உதயமூர்த்தி. இன்னொன்றில் கார்ல் ராஜர்ஸ், ஜெரார்ட் ஈகன், மில்லரும் ரோல்னிக்கும். முதல் வரிசை தன்னம்பிக்கை நூல்கள், படிக்கிறவர் தன்னைச் சீர்படுத்திக்கொள்ள. இரண்டாவது கவுன்சலிங், அதாவது மன ஆலோசனை, நூல்கள், எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளைப் புரிந்துகொள்ள. சங்க வேலையில் நாள் முழுக்க எதிரே ஆள் இருப்பதால் என் ஓட்டு இரண்டாவதற்கு. முதல் வரிசையை அப்படியே ஒதுக்கவும் மனசில்லை.

கார்னகி 1936-ல் எழுதிய 'ஹவ் டு வின் ஃப்ரெண்ட்ஸ் அண்ட் இன்ஃப்ளூயன்ஸ் பீப்பிள்' இன்னும் விற்கிறது. ஒருவருக்குத் தன் பெயரைவிட இனிமையான ஓசை கிடையாது, அதை நினைவில் வைத்துச் சொல்லிக் கூப்பிடு என்கிறார். அமெரிக்காவில் சரி. அறுபது வயது விவசாயியை இருபத்து மூன்று வயதுப் பெண் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சாயங்காலத்துக்குள் செயலாளர் காதுக்குப் போய்விடும். இங்கே ஒருத்தரை மதிப்பதென்றால் அவர் எந்தத் தெரு, யார் மகன், எந்த வாய்க்கால் பாசனம் என்று தெரிந்து வைத்திருப்பது. "ஐயா, கீழத்தெருதானே? உங்க பக்கம் தண்ணி வந்துருச்சா?" என்று கேட்டால் போதும், மனுஷர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். கார்னகி சொல்ல வந்ததும் இதைத்தான். அதை நம்மூர் வழக்கத்துக்கு மாற்றுகிற வேலை படிக்கிறவர் தலையில்.

ஸ்டீபன் கவியின் 1989 புத்தகமான 'தி செவன் ஹாபிட்ஸ் ஆஃப் ஹைலி எஃபெக்டிவ் பீப்பிள்'-இல் எனக்குப் பிடித்தது ஒரே ஒரு பகுதி. நம்மைக் கவலைப்படுத்துகிற விஷயங்கள் ஒரு பெரிய வட்டம். அதில் நம்மால் ஏதாவது செய்ய முடிகிறவை உள்ளே ஒரு சின்ன வட்டம். மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். திறந்த கையோடு குறுவைக் கடனுக்குக் கூட்டம் கூடிவிடும். மத்தியக் கூட்டுறவு வங்கியிலிருந்து பணம் வரவில்லை, கணினி நின்றுபோச்சு, வி.ஏ.ஓ. அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்ற சான்று) தரவில்லை: மூன்றும் அவள் கையில் இல்லை. சிட்டா (நிலம் யார் பெயரில் என்ற பதிவு), அடங்கலோடு இன்னும் என்னென்ன காகிதம் வேண்டும் என்று முதல் தடவையிலேயே முழுசாகச் சொல்லி அனுப்புவது அவள் கையில் இருக்கிறது. வயசான ஒருத்தருக்கு இரண்டு நடை மிச்சமாகும்.

உதயமூர்த்தி மயிலாடுதுறைப் பக்கத்து விளநகர்க்காரர். 'எண்ணங்கள்' தங்குதடையில்லாமல் ஓடும். சேருகிற நாளுக்கு முந்தின ராத்திரி வயிற்றைக் கலக்கும்போது படிக்கலாம். ஆனால் எல்லாம் நம் மனசில்தான் இருக்கிறது என்ற இந்த வரிசையின் பொதுவான பல்லவியைக் கவுன்டருக்கு எடுத்துப்போகக் கூடாது. தை மாதம் மழை பிடித்து, முற்றிய சம்பாக் கதிர் வயலோடு சாய்ந்தால் அது யாருடைய எண்ணத்தாலும் வந்ததல்ல.

இனி இரண்டாவது வரிசை. ராஜர்ஸின் முக்கியமான நூல்கள் 1942-லும் 1951-லும் வந்தவை. புத்தி சொல்லாதே, எதிராளி உலகத்தை அவர் கண்ணால் பார் என்பது சாரம். இதை அரைகுறையாகப் படித்தவர்கள் சொன்னதையே திருப்பிச் சொல்வதுதான் கவுன்சலிங் என்று எடுத்துக்கொள்கிறார்கள். "எல்லாம் போச்சும்மா" என்று ஒருத்தர் சொல்ல, "எல்லாம் போச்சுன்னு சொல்றீங்க" என்று இவள் திருப்பிச் சொன்னால் கேலி பண்ணுகிறாள் என்றுதான் நினைப்பார். "அறுக்கிற நேரத்துலயா மழை புடிச்சுது?" என்று கேட்பதுதான் ராஜர்ஸ் வழி.

ஈகனின் பாடநூல் 'தி ஸ்கில்டு ஹெல்ப்பர்' 1975-ல் முதல் பதிப்பு. எப்படி உட்கார்வது என்பதிலிருந்து தொடங்குகிறது: நேரே பார்த்து, கையைக் கட்டிக்கொள்ளாமல், சற்று முன்னால் சாய்ந்து, கண்ணைப் பார்த்து, இறுக்கமில்லாமல். கண் விஷயத்தில் மட்டும் நம்மூரில் நிதானம் வேண்டும். பெரியவர் கண்ணையே உற்றுப் பார்ப்பதைவிட பாஸ்புக்கைப் பார்த்து, நடுநடுவே நிமிர்வது நல்லது. மற்றதெல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். கணினித் திரையைப் பார்த்துக்கொண்டே "சொல்லுங்க" என்கிற பழக்கம் முதல் வாரத்திலேயே ஒட்டிக்கொள்ளும். அதற்கு முன்னால் இதைப் படித்துவிட வேண்டும்.

ஒன்றே ஒன்றுதான் படிக்க முடியும் என்றால் நான் கையில் கொடுப்பது மில்லர், ரோல்னிக் 1991-ல் எழுதிய 'மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங்'. குடிப் பழக்கத்தைக் கைவிட உதவுகிறவர்களுக்காக எழுதியது என்றாலும் கடன் வசூலுக்கு அச்சாகப் பொருந்துகிறது. எதிராளியைத் திருத்திவிடத் துடிக்காதே. நீ ஒரு பக்கம் தள்ளினால் அவர் மறுபக்கம் நின்று வாதாடுவார் என்கிறார்கள். "இந்தத் தடவை கட்ட முடியாது பாப்பா" என்கிறார் ஒருத்தர். முதல் வரிசைப் பதில்: "முடியும்னு நினைங்க ஐயா, முடியும்." அவ்வளவுதான், முடியாததற்கு ஏழு காரணம் வரும். இந்த நூலின் வழி: "கட்டணும்னுதான் நினைக்கிறீங்க, எங்க இடிக்குது?" அப்போதுதான் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கு இன்னும் பணம் ஏறவில்லை என்பது வெளியே வரும். குறித்த தேதிக்குள் கட்டினால் பயிர்க்கடனுக்கு வட்டி கிடையாது என்பது அவருக்குத் தெரியும். எந்தத் தேதி என்பதைத்தான் மறந்திருப்பார். பேச்சு அங்கே வந்து நிற்கும்.

இந்த வரிசையிலும் தொல்லை இல்லாமல் இல்லை. தடி தடியான பாடநூல்கள், விலையும் கூடுதல், தமிழில் தேடினால் பெரும்பாலும் பரீட்சை நடை. நாலு அத்தியாயம் படித்தவுடன் வீட்டில் எல்லாருக்கும் மனப் பிரச்சினை இருப்பதாகத் தோன்றும். அக்கா ஏற்கெனவே பயந்துபோயிருக்கிறாள். சம்பா நெல்லுக்குப் பயிர்க் காப்பீட்டில் விவசாயி பங்கு 1.5 சதவீதம் என்பதை எந்த வரிசையும் சொல்லித் தராது. அதற்குச் சங்கத்தின் துணைவிதியும் சுற்றறிக்கைக் கோப்பும்தான். சேர்ந்த பிறகு அதைப் படித்தால் போதும்.

கவுன்சலிங் நூல்கள் கறாராகச் சொல்கிற இன்னொன்று தன்னம்பிக்கை நூல்களில் தேடினாலும் கிடைக்காது: உன்னால் ஆகாததை ஆகிறவரிடம் அனுப்பு. கடன் தாங்காமல் "இருந்து என்ன பிரயோசனம்" என்று யாராவது சொன்னால், அவரிடம் கவுன்சலிங் செய்துபார்க்கிற வேலை உதவியாளருடையது இல்லை. தனியே விடாமல் உட்கார வைத்து, வீட்டு ஆளைக் கூப்பிட்டு, அரசு மருத்துவ உதவி எண் 104-க்கோ, 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசி உதவியின் 14416-க்கோ அங்கிருந்தே போன் போட்டுக் கொடுக்க வேண்டும். செயலாளரிடம் ஒரு வார்த்தை சொல்லி அந்த எண்களை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடலாம். உர இருப்புப் பட்டியலுக்குப் பக்கத்தில் எப்படியும் கொஞ்சம் இடம் இருக்கும்.