கிரேக்கத்தில் மறுத்துப் பேச: சொற்பட்டியலா, முழுத் தொடரா?

தற்காலக் கிரேக்க மொழியில் கருத்து வேறுபாட்டைத் தெரிவிக்கக் கற்பவருக்கு இரண்டு வழிகள் உண்டு. வினைச்சொற்களைப் பொருளோடு அட்டைகளில் எழுதி மனனம் செய்யலாம்; அல்லது பேச்சில் வழங்கும் தொடர்களை முழுமையாகப் பழகலாம். நான் இரண்டாவதைத் தேர்ந்தவன் என்பதால் இந்த அலசல் நடுநிலையானதன்று.

பட்டியல் வேகமாக நிரம்பும். 'சிம்ஃபோனோ' என்றால் உடன்படுகிறேன், 'தியாஃபோனோ' என்றால் மாறுபடுகிறேன் என்று இணையாக வரும் சொற்கள் எளிதில் மனத்தில் நிற்கும். அக்டோபர் 28ஐ 'ஓஹி நாள்' என்று தேசிய விடுமுறையாகக் கொண்டாடும் நாட்டில் 'ஓஹி', அதாவது 'இல்லை', என்பதை யாரும் தனியே கற்றுத்தர வேண்டியதில்லை.

சிக்கல் வினைச்சொல்லில் இல்லை, அதற்கு அடுத்து வருவதில் இருக்கிறது. 'தியாஃபோனோ' என்பதற்குப் பின் 'மெ' என்ற முன்னிடைச்சொல் வரும். 'தியாஃபோனோ மெ தின் ப்ரோதாஸி' என்பது 'முன்மொழிவோடு உடன்படவில்லை' என்ற நம் அமைப்புக்கு நெருக்கமானது என்பதால் இங்கே தமிழர்க்கு இடறல் இல்லை. ஆனால் எதிர்க்கிறேன் என்று பொருள்படும் 'அந்திதீதெமே' என்ற சொல்லைப் பட்டியலிலிருந்து எடுத்தவர், 'முன்மொழிவை எதிர்க்கிறேன்' என்னும் தமிழ்ப் பழக்கத்தில் பெயர்ச்சொல்லை அதன் பின் நேரடியாக வைத்துவிடுவார். கிரேக்கமோ இடையில் 'ஸெ' கேட்கும், அது 'தின்' என்ற சார்படையோடு (ஆங்கிலத்தின் 'the' போன்ற சொல்) சேர்ந்து 'ஸ்தின் ப்ரோதாஸி' ஆகும். கேள்விக்குள்ளாக்குகிறேன் எனப் பொருள்படும் 'அம்ஃபிஸ்விதோ' என்பதற்கோ இடைச்சொல்லே வேண்டாம். மூன்று வினைகளுக்கு மூன்று அமைப்புகள். அட்டையில் எழுதிய பொருள் இவற்றில் எதையும் சொல்லாது. தொடராகப் பழகியவரின் நாவில் இடைச்சொல் தானே வந்து அமரும்.

இன்னொன்று, தொனி. 'அந்திதீதெமே' பழைய கிரேக்க வினைத்திரிபைத் தாங்கிய, ஏட்டு வாடை வீசும் சொல். 1976இல் பேச்சுவழக்கு மொழி கல்விமொழியான பிறகும் இத்தகைய சொற்கள் எழுத்தில் நிலைத்துவிட்டன. காப்பிக்கடை உரையாடலில் 'தென் நோமீஸோ' (அப்படி நினைக்கவில்லை) என்பதோ, 'எஹிஸ் தீக்கியோ, அலா' (நீ சொல்வது சரி, ஆனால்) என்ற தொடக்கமோ போதும். மூத்தவரிடம் 'மஸீ ஸு' (உன்னோடு) என்பதை 'மஸீ ஸஸ்' (உங்களோடு) ஆக்க வேண்டும். நீ, நீங்கள் என்று பேசி வளர்ந்தவர்க்கு இது விளக்கமின்றியே புரியும்.

என் பயன்பாடு பேச்சோடும் சிறு மின்னஞ்சல்களோடும் நின்றுவிடுகிறது. தலையங்கங்களையும் நாடாளுமன்ற விவாதங்களையும் பின்தொடர விரும்புபவர் அறிய வேண்டிய சொற்கள் மிகுதி. அவர்க்குப் பட்டியலே விரைவாக உதவக்கூடும், ஒவ்வொரு வினையின் பக்கத்திலும் அதற்குரிய இடைச்சொல்லையும் சேர்த்து எழுதிக்கொண்டால்.