மூட்டையாகக் கட்டுவதா, பத்தி பிரித்து எழுதுவதா?

நெல் மண்டியில் லோடு வந்து நின்றதும் முதலில் கைக்கு வருவது குத்தூசி. சாக்கைப் பிரிக்காமலே ஊசியைச் செருகி, கொஞ்சம் நெல்லை உள்ளங்கையில் தட்டி, ஈரம் எப்படி, பதர் எவ்வளவு, கலப்பு உண்டா என்று பார்த்துவிடுவார்கள். பல விவரங்கள் அடங்கிய ஒரு பொருளை (ஆப்ஜெக்ட்) அப்படியே சீரியலைஸ் செய்து, அதாவது ஒரே எழுத்துச் சரமாகக் கட்டி, டேட்டாபேஸில் ஒரே பத்தியில் (டேபிளின் நெடுக்கு வரிசை) போடலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அந்த மூட்டைக்குள் குத்தூசி இறங்குமா?

2014-ல் மன்னார்குடிப் பக்கம் ஒரு மண்டிக்கு பிஹெச்பி என்ற புரோகிராம் மொழியும் மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸும் வைத்து வரவுக் கணக்கு எழுதிக் கொடுத்தேன். தேதி, மூட்டை, எடை தனித்தனிப் பத்தி. ரகம், ஈரப்பதம், பதர், கருக்காய், கலப்பு எல்லாம் ஒரே அரேயாகி (பட்டியலாகி), சீரியலைஸ் ஆகி, 'தரம்' என்ற டெக்ஸ்ட் பத்திக்குள் போய்விடும். குறுவைக்கு ஒரு விவரம் கேட்பார்கள், தாளடிக்கு இன்னொன்று. ஒவ்வொரு முறையும் டேபிளில் கை வைக்க வேண்டாம் என்று நினைத்தேன். ஒரு போகம் நன்றாகத்தான் ஓடியது.

அடுத்த ஐப்பசி மழையில் மண்டிக்காரர் கேட்டார்: "தம்பி, இந்தக் குறுவையில 17-க்கு மேல ஈரம் வந்தது எத்தனை மூட்டை?" அரசுக் கொள்முதலுக்கான ஈரப்பத வரம்பு 17 சதவீதம் என்பதால் டெல்டாவில் எல்லோர் வாயிலும் இருக்கும் எண் அது. மழை பிடித்தால் 22 வரை தளர்த்தச் சொல்லி விவசாயிகள் கேட்பதும் வழக்கம். என் டேபிளால் பதில் சொல்ல முடியவில்லை. எல்லா வரிகளையும் பிஹெச்பிக்கு இழுத்து, ஒவ்வொன்றாக அவிழ்த்து எண்ணினேன்.

அதைவிடப் பெரிய அடி பிறகு விழுந்தது. 'பொன்னி' என்று பதிந்திருந்ததை 'வெள்ளைப் பொன்னி' என்று மாற்றச் சொன்னார். ஒரே ரீப்ளேஸ் கட்டளை போட்டேன். பிஹெச்பியின் சீரியலைஸ், ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் அதன் பைட் கணக்கை எழுதி வைக்கும். யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். கொம்பும் காலும் புள்ளியும் உட்பட ('ொ' சேர்ந்து ஒரே குறியீடு). 'பொன்னி' 18 பைட், 'வெள்ளைப் பொன்னி' 43. சொல் மாறியது, முன்னால் இருந்த 18 மாறவில்லை. அந்த ரகம் இருந்த வரி ஒன்றுகூட அவிழவில்லை. பைட் கணக்கைத் திருத்தி மீட்க இரண்டு இரவு ஆனது.

சீரியலைஸ் வடிவம் அதைக் கட்டிய மொழிக்குத்தான் இயல்பாகப் புரியும். ஜாவாவில் வகுப்பின் (கிளாஸ், அதாவது பொருளின் வார்ப்பு) பதிப்பு எண் பொருந்தாவிட்டால் பழைய பொருள் திறக்காது. பிஹெச்பியில் வகுப்பின் பெயரை மாற்றினால் முழுமையற்ற பொருள்தான் திரும்பக் கிடைக்கும். நம்பகமில்லாத இடத்திலிருந்து வந்ததை அவிழ்க்காதீர்கள் என்று பிஹெச்பி, பைத்தான் இரண்டின் கையேடுகளுமே எச்சரிக்கின்றன. அவிழ்க்கும்போதே அந்நியர் எழுதிய வேலை உங்கள் சர்வரில் நடந்துவிடக்கூடும். செஷன் (ஒருவர் உள்ளே இருக்கும்வரை வைக்கும் குறிப்பு), கேஷ் (வேகத்துக்காக வைக்கும் தற்காலிக நகல்) போல நாளைக்கு அழிந்தாலும் பாதகமில்லாதவற்றுக்கு வைத்துக்கொள்ளலாம். பத்து வருடம் இருக்க வேண்டிய கணக்குக்கு வேண்டவே வேண்டாம்.

ஜேசனை, அதாவது விவரங்களைப் பெயரும் மதிப்புமாக எழுதும் பொது வடிவத்தை, சாதா டெக்ஸ்டாகப் போடுவது அதைவிட நல்லது. எந்த மொழியும் படிக்கும். ஆனால் பிஹெச்பி தன் இயல்பில் தமிழை எண்வடிவக் குறியாக மாற்றிவிடும். 'பொன்னி' 36 எழுத்தாகிவிடும், டேட்டாபேஸில் லைக் என்ற தேடல் கட்டளை போட்டுத் தேடினால் கிடைக்காது. யூனிகோடை அப்படியே விடச் சொல்லும் அமைப்பு 5.4 பதிப்பிலிருந்தே இருக்கிறது, மறக்காமல் போடுங்கள்.

பலரும் இன்று கைகாட்டுவது போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸின் ஜேசன்பி, ஜேசனைப் பிரித்து பைனரியாக வைக்கும் வகை. 2014 கடைசியில் 9.4 பதிப்போடு வந்தது. மைஎஸ்க்யூஎல் தன் ஜேசன் வகையை அடுத்த ஆண்டு 5.7-ல் கொண்டுவந்தது. இங்கே குத்தூசி இறங்கும். 'ரகம் ஆடுதுறை 43' உள்ள வரிகளை ஜின் என்ற இண்டெக்ஸ் (தேடல் அட்டவணை) சட்டென்று எடுத்துத் தரும். ஆனால் மண்டிக்காரர் கேட்டது "17-க்கு மேல்". அந்த மேல்-கீழ் கேள்விக்கு ஜின் உதவாது. ஈரப்பதத்தை எண்ணாகப் பிரித்தெடுத்து அதற்கென்றே ஒரு இண்டெக்ஸ் கட்ட வேண்டும். எண்ணாக மாற்ற மறந்து டெக்ஸ்டாக ஒப்பிட்டால் 9 தான் 17-ஐவிடப் பெரியது என்று விடை வரும், பிழை எதுவும் காட்டாது. ஒருவர் 'ஈரம்' என்றும் இன்னொருவர் 'ஈரப்பதம்' என்றும் பதிந்தாலும், நீங்களாகத் தடை எழுதாதவரை அது ஏற்றுக்கொள்ளும். 'ஈரப்பதம்' என்ற பெயருக்கு மட்டும் 24 பைட். இரண்டு இலக்க எண்ணுக்காக ஒவ்வொரு வரியிலும் அது திரும்ப உட்காரும். ஒரே ஒரு சாவியின் (விவரப் பெயரின்) மதிப்பைத் திருத்தினாலும் முழு மதிப்பும் புதிதாக எழுதப்படும்.

தனிப் பத்தியில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஈரப்பதம் எண், காலியாக இருக்கக் கூடாது, 0 முதல் 40-க்குள் இருக்க வேண்டும் என்று டேபிளிடமே சொல்லிவிடலாம். ரகத்தை ரகங்களின் டேபிளோடு ஃபாரின் கீயால் (வேறு டேபிளின் வரியைச் சுட்டும் இணைப்பு) கட்டியிருந்தால், நான் ஒரே ஒரு வரியைத் திருத்தி 'வெள்ளைப் பொன்னி' ஆக்கியிருப்பேன். புதுப் பத்தி சேர்த்தால் டேபிள் முழுவதையும் திருப்பி எழுதுமே என்ற பயம் அன்று எனக்கு இருந்தது. இன்றைக்கு அது தேவையில்லை. 2018-ல் வந்த போஸ்ட்கிரெஸ் 11-லிருந்து மாறாத இயல்பு மதிப்போடு (டிஃபால்ட்) பத்தி சேர்த்தாலும் டேபிள் திருப்பி எழுதப்படுவதில்லை, மைஎஸ்க்யூஎல் 8.0.12-ம் உடனடியாகச் சேர்க்கிறது. பயந்துபோய் பெயர் ஒரு பத்தி, மதிப்பு ஒரு பத்தி என்று ஒரே டேபிளில் எல்லாவற்றையும் போடுபவர்களும் உண்டு. நாலு விவரத்தைச் சேர்த்துக் கேட்க நாலு ஜாயின் (டேபிள் இணைப்பு) எழுதவேண்டிவரும், எனக்கு அது பிடிக்கவில்லை.

பிரிக்காமலே வைக்கவேண்டிய சரக்கும் ஒன்று இருக்கிறது. விவசாயி கையில் கொடுத்த பில்லின் நகல். விலை, தரகு, பிடித்தம் எல்லாம் அன்றைக்கு இருந்தபடியே இருக்க வேண்டும். விதை நெல்லைக் கோட்டை கட்டி வைப்பதுபோல, திறந்தால் முழுசாகத்தான் திறப்போம். இதற்கு டெக்ஸ்ட் ஜேசன்தான் சரி. ஜேசன்பி சாவிகளின் வரிசையை மாற்றிவிடும், இடைவெளிகளை நீக்கிவிடும், ஒரே சாவி இருமுறை வந்தால் கடைசியை மட்டும் வைத்துக்கொள்ளும். எழுதியது எழுதியபடி திரும்பி வராது.

இப்போது அதே மண்டியின் கணக்கு போஸ்ட்கிரெஸில் ஓடுகிறது. ரகம், ஈரப்பதம், பதர் தனிப் பத்தி. பில் நகல் டெக்ஸ்ட் ஜேசன். எப்போதாவது வரும் குறிப்புகளுக்கு மட்டும் ஒரு ஜேசன்பி பத்தி. அதிலிருக்கும் ஒரு விவரத்தை மண்டிக்காரர் இரண்டாவது முறை கேட்டால், அன்றிரவே அதை வெளியே எடுத்துத் தனிப் பத்தி ஆக்கிவிடுகிறேன். போன தை மாதம் கருக்காய் அப்படித்தான் வெளியே வந்தது.