பாகம் வாங்கிக் கட்டிய எலெக்ட்ரிக் கிதார்: நெக்கின் அடியில் ஒரு திருகு

நேற்று ராத்திரி மறுபடியும் என் எலெக்ட்ரிக் கிதாரின் நெக்கை, அதாவது விரல் வைத்து வாசிக்கும் நீளக் கழுத்தை, கழற்றி மாட்டினேன். அந்தக் கடுப்பு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். பாகங்கள் வாங்கிக் கட்டலாமா, ரெடிமேடாகவே எடுத்துவிடலாமா என்று கடலூரிலிருந்து ஒரு தம்பி ரொம்ப நாளாகக் கேட்கிறான். அவனுக்கும் இதுதான் பதில்.

என்னுடையது ஸ்ட்ராட் வகை, அதாவது ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாதிரி. பாடி, நெக், கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப், கம்பியைத் தாங்கும் பிரிட்ஜ், சுருதி சேர்க்கும் ட்யூனர் எல்லாமே தனித்தனியாக வாங்கியவை. சுங்க வரி, கூரியர் எல்லாம் சேர்த்து 45 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. கட்டினால் காசு மிச்சம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். வயரிங் பெரிய விஷயமில்லை. ஒற்றைச் சுருள் பிக்கப்பான சிங்கிள் காயிலுக்கு 250கே பாட் (வால்யூம் திருகும் பாகம், 250 கிலோ ஓம்), இரட்டைச் சுருள் ஹம்பக்கருக்கு 500கே, சால்டரிங் கை பழகியிருந்தால் போதும். பாடியில் வயர்கள் இருக்கும் குழிக்குள் தாமிர டேப் ஒட்டி எர்த் கொடுத்ததும் இரைச்சல் நன்றாகவே குறைந்தது. முழுதாகப் போகாது, சிங்கிள் காயிலின் குணம் அது.

என் கோபமெல்லாம் ட்ரஸ் ராட் மேல்தான். நெக்கின் உள்ளே ஓடும் இந்த இரும்புக் கம்பியை முறுக்கியும் தளர்த்தியும்தான் நெக்கின் வளைவைச் சரிசெய்ய வேண்டும். அதன் திருகு சில நெக்குகளில் தலைப்பக்கம் இருக்கும், சிலவற்றில் பாடிக்குள் போகும் அடிப்பக்கம். 1954-இல் வந்த முதல் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் அடிப்பக்கம்தான். நான் வாங்கிய நெக் அந்தப் பழைய பாணி. விற்ற கடை அதை ஒரு வரி சொல்லவில்லை. படத்திலும் முன்பக்கம் மட்டும்தான் இருந்தது.

டெல்லியில் இருப்பவருக்கு எப்படியோ, புதுச்சேரி குருசுக்குப்பத்தில் கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருப்பவனுக்கு இது தீராத தலைவலி. நெக்கின் மேல் ஒட்டிய ரோஸ்வுட் பலகையான ஃப்ரெட்போர்டுக்கு வார்னிஷ் கிடையாது. ஐப்பசி மழையில் அது ஈரம் குடித்து உப்பினால் நெக் பின்னால் வளைகிறது, முதல் சில ஃப்ரெட்டுகளில் (குறுக்கே பதித்த உலோகப் பட்டிகள்) கம்பி தட்டிக் கரகரக்கிறது. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 ராத்திரி கரையைக் கடந்து, ஒரே நாளில் 48 செ.மீ. மழை கொட்டியதே, அந்த வாரம் ஈ கம்பியில் ஒரு சுரம்கூடச் சுத்தமாக எழவில்லை. மே மாதம் மேற்குக் காற்று அடித்தால் நேரெதிர்: நெக் முன்னால் வளைந்து ஆக்‌ஷன் (கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள உயரம்) ஏறிவிடும்.

ஒவ்வொரு முறையும் என்ன செய்ய வேண்டும் தெரியுமா? ஆறு கம்பிகளும் சேர்ந்து நெக்கைச் சுமார் 45 கிலோ விசையில் இழுத்துக்கொண்டிருக்கும். முதலில் அந்தக் கம்பிகளைத் தளர்த்த வேண்டும். பின்னால் இருக்கும் நான்கு ஸ்க்ரூவையும் கழற்றி, நெக்கைத் தூக்கி, திருகைக் கால் சுற்று திருப்பி, திரும்ப மாட்டி, சுருதி சேர்க்க வேண்டும். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அமுக்கிப் பிடித்து, நடுவில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையா? மறுபடி முதலிலிருந்து. நெக்கின் மேப்பிள் கட்டையில் ஸ்க்ரூ ஏறி இறங்கி ஓட்டை தேயக் கூடாதே என்று மரையில் மெழுகுவத்தி தேய்த்துத்தான் போடுகிறேன்.

பக்கத்து வீட்டுப் பையனின் யமஹா பசிஃபிகாவில் திருகு தலைப்பக்கம். கம்பி மாட்டியபடியே ஆலன் சாவியை விட்டு லேசாகத் திருப்புகிறான், வேலை முடிந்தது. பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது.

வேறு நெக் போட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். மனசு வரவில்லை. இதன் பின்பக்கத்துப் பளபளப்பை 400 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு, மெல்லிய எண்ணெய் மட்டும் பூசியிருக்கிறேன். ஃப்ரெட்போர்டின் ஓரங்களையும் விரல் வழுக்கிப் போகும்படி உருட்டிவிட்டேன். ஜூன் 21 இசைத் திருவிழாவுக்குப் புதுச்சேரித் தெருவில் வாசித்த சாயங்காலம் சட்டை பிழியும் அளவுக்கு வியர்வை, ஆனால் கட்டைவிரல் ஒரு இடத்திலும் ஒட்டவில்லை. கடைக் கிதார்களின் வழவழ பெயின்டில் எனக்கு அந்தச் சுகம் கிடைத்ததே இல்லை. இந்த ஒரு விஷயத்துக்காகவே கட்டியது வீண் போகவில்லை என்பேன்.

ஆனாலும் தம்பி, நீ ரெடிமேடாகவே வாங்கிவிடு. கடலூரிலும் இதே உப்புக் காற்றுதான்.

இல்லை, கட்டியே தீருவேன் என்றால், பணம் கட்டும் முன் நெக்கின் இரண்டு முனைகளையும் படம் எடுத்து அனுப்பச் சொல். அடிப்பக்கத் திருகாக இருந்தால், நெக்கைக் கழற்றாமல் வெளியிலிருந்தே ஒரு குச்சியை விட்டுத் திருப்பக்கூடிய சக்கர வகையா என்று கேள். எனக்கும் இனி நெக்கைக் கழற்றாமலே திருப்ப, என் கிதார் பாடியில் நெக் முடியும் இடத்திலும் பிக்கார்டிலும் (பாடியின் மேல் இருக்கும் பிளாஸ்டிக் தகடு) ஸ்க்ரூடிரைவர் நுழையும் அளவு பள்ளம் வெட்டித் தர ஆசாரி ஒத்துக்கொண்டிருக்கிறார். மழைக்கு முன்னால் முடித்துக்கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.