பெயின்ட் அடித்த கேசிங்கைக் கையில் வாங்காதீர்கள்: 1.2 மி.மீ. என்று காசு வாங்கி 0.8 தகடு கொடுத்த பட்டறை

கணினியின் மினி ஐ.டி.எக்ஸ். என்ற சிறிய அளவு மதர்போர்டுக்குச் சின்னதாக ஒரு கேசிங்கை, அதாவது வெளிப்பெட்டியை, தாங்களே செய்துகொள்ள நினைக்கும் நம் மலையகத்துப் பிள்ளைகள் காசு கொடுப்பதற்கு முன் இதை வாசித்துவிட வேண்டும். துளை போடுவது, அராவுவது, பொப் ரிவெட் (இழுத்துப் பூட்டும் ஆணி) அடித்துப் பூட்டுவது எல்லாம் வீட்டில் முடியும். தகட்டை நேராக வெட்டி, கூர்மையாக மடிக்கிற மெஷின் மட்டும் வீட்டில் இருக்காது. அதற்கு டவுனுக்குத்தான் போகவேண்டும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஹட்டன் பக்கம் ஒரு பட்டறையில் பேசிக்கொண்டது இவ்வளவுதான்: 1.2 மி.மீ. கல்வனைஸ்டு (துத்தநாகம் பூசிய இரும்பு) தகடு, ‘ப’ வடிவில் அடிப்பாகம் ஒன்று, அதன்மேல் இறங்குகிற மூடி ஒன்று. துளையும் பவுடர் கோட்டிங்கும் நாங்களே போட்டுத் தருகிறோம் என்று சொல்லி அதற்கும் சேர்த்து முழுக் காசையும் முன்னமே வாங்கிக்கொண்டார்கள். வந்த சாமான் பார்க்க அழகாக, பளபளவென்று கறுப்பாக இருந்தது. அந்தக் கறுப்புக்கு அடியில் இருந்ததுதான் இந்தப் பதிவு.

முதலில் தகடு. ஓர் ஓரத்தில் பெயின்டைச் சுரண்டி, பிசிரை அராவிவிட்டு வேர்னியர் (தடிப்பு அளக்கும் கருவி) வைத்தால் 0.8 மி.மீ. கேட்டதற்கு, “18 கேஜ்தான் தம்பி, எல்லாருக்கும் இதைத்தான் குடுக்கிறோம்” என்றார்கள். கேஜ் என்பது தகட்டின் தடிப்பைச் சொல்லும் இலக்கம். இரும்புத் தகட்டில் 18 கேஜ் என்றால் 1.2 மி.மீ. அளவில் வரும். 0.8 என்பது 21 கேஜுக்குக் கிட்ட. அலுமினியத்துக்குப் பாவிக்கிற பட்டியல் வேறு, அதில் 18 கேஜ் 1.02 மி.மீ. மட்டுமே. ஆகவே கேஜில் பேசாதீர்கள். மில்லிமீட்டரில் பேசி, பில்லிலும் மில்லிமீட்டரில் எழுதி வாங்குங்கள்.

0.4 மி.மீ. வித்தியாசத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று பட்டறைக்காரர் கேட்டார். நிறைய வருகிறது. மதர்போர்டோடு வரும் பின்பக்க ஐ.ஓ. ஷீல்ட் (வயர் செருகும் வாய்களைச் சுற்றி வரும் மெல்லிய தகடு) 158.75 × 44.45 மி.மீ. வெட்டில் கவ்விக்கொண்டு நிற்கவேண்டும். அந்தக் கவ்வல் 0.94 முதல் 1.32 மி.மீ. வரையான தகட்டுக்கு என்று ஏ.டி.எக்ஸ். என்ற கணினிப் பொது அளவுகளில் வகுக்கப்பட்டது. 0.8 தகட்டில் ஷீல்ட் பிடிக்காது, யூ.எஸ்.பி. வயரைச் செருகும்போதே உள்ளே போய் விழும். அடுத்தது மரை. எம்3 (3 மி.மீ.) திருகாணியின் மரை 0.5 மி.மீ. இடைவெளி. 1.2 தகட்டில் இரண்டு சுற்றுக்கு மேல் பிடிக்கும், 0.8இல் ஒன்றரைதான். பவர் சப்ளைக்குப் போகும் 6-32 என்ற அங்குல அளவுத் திருகாணியின் மரை இன்னும் அகலம், 0.79 மி.மீ. இந்தத் தகட்டில் அதற்கு மரை வெட்டினால் ஒரு சுற்றோடு சரி, இரண்டாம் முறை பூட்டும்போது வழுகிவிடும்.

மடிப்பிலும் அதே கதை. 90 பாகையில் மடிக்கும்போது தகடு கொஞ்சம் நீளும், அதற்காக வெட்டும் படத்தில் (ட்ரோயிங்கில்) ஒவ்வொரு மடிப்புக்கும் ஓர் அளவு கழிக்கவேண்டும். உள்வளைவு தகட்டின் தடிப்பளவு என்று கொண்டால், 1.2 இரும்புக்கு ஒரு மடிப்புக்கு ஏறக்குறைய 2.1 மி.மீ., 0.8க்கு 1.4 மி.மீ. பட்டறைக்குக் கொடுத்த படத்தில் 120, 180, 120 என்று வெளி அளவு. இரண்டு மடிப்புக்குக் கழித்து 415.8 மி.மீ. நீளத்தில் தகட்டை வெட்டச் சொல்லியிருந்தது. 1.2க்குக் கணக்குப் போட்ட அந்தத் துண்டை 0.8இல் வெட்டி மடித்தால் 180 வரவேண்டிய நடு அகலம் 179.3இல் நின்றுவிடும். பக்கத்துக்கு 0.2 மி.மீ. இடைவெளி விட்டுச் செய்த மூடிக்கு இப்போது பக்கத்துக்கு அரை மி.மீ.க்கு மேல் இடைவெளி. ஃபேன் சுற்றத் தொடங்கியதும் மூடி அதிர்ந்து ஓயாமல் இரையும்.

மோசமான வேலை துளையில் நடந்தது. மினி ஐ.டி.எக்ஸ். போர்ட் 170 × 170 மி.மீ. சதுரம், ஆனால் அதன் நான்கு துளைகளும் சதுரத்தில் இல்லை. அகலவாட்டில் 157.48 மி.மீ. ஸ்லொட் (கார்ட் செருகும் இடம்) பக்கத்து இரண்டு துளைகளுக்கும் இடையே 154.94 மி.மீ., மற்றப் பக்கத்தில் 132.08 மி.மீ. மட்டுமே. அதாவது பின்விளிம்பிலுள்ள ஒரு துளை 22.86 மி.மீ. உள்ளே தள்ளி இருக்கும். படத்தில் அது தெளிவாகவே இருந்தது. பட்டறையில் அதைப் பிழை என்று முடிவுகட்டி, “ஒரு ஓட்டை மட்டும் கோணலா இருந்துச்சு, நாங்களே நேராக்கிட்டோம்” என்று பெருமையாகச் சொன்னார்கள். நேராக்கிய அந்த இடத்தில் போர்டில் துளையே கிடையாது. போர்டைத் தூக்கிப் பிடிக்க அங்கே பூட்டிய பித்தளைத் தாங்கி போர்டின் அடியில் ஈயம் பற்றவைத்த முனைகளைத் தொடும். பவரைப் போட்டால் ஷோர்ட் ஆகிப் போர்டே போய்விடலாம். கேசிங்கின் விலையைப்போல் பல மடங்கு அந்தப் போர்டின் விலை. யாருடைய காசு?

இதைப் பிடிக்க ஓர் அடிமட்டம் போதும். இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். ஒன்று 220.9, மற்றது 205.5 மி.மீ. வரவேண்டும். இரண்டும் ஒரே அளவாக வந்தால் பிழை. அந்தத் தகட்டில் போர்டை வைக்கவே கூடாது.

அடுத்து மூலைகள். 0.8 தகட்டில் ஆர்க் வெல்டிங் பிடித்தால் பொத்துக்கொண்டு போகும், அதுவும் துத்தநாகப் பூச்சு இருக்கும்போது. பொத்த இடங்களில் பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) வைத்துத் தேய்த்து, மேலே கறுப்பை அடித்திருந்தார்கள். விரல் நகத்தால் தட்டினால் தகடு கணீரென்று கேட்கும், பட்டி இருக்கும் இடம் மொத்தென்று கேட்கும். சின்னக் காந்தம் ஒன்றை ஓட்டினாலும் தெரியும், பட்டி தடிப்பாக இருக்கும் இடத்தில் இழுவை குறையும். வெல்டிங்கில் துத்தநாகம் எரிந்துபோன இரும்பு அது, பிரைமரும் அடிக்கவில்லை. நம் மலைக்காற்றின் ஈரத்துக்கு அது எத்தனை நாள் தாங்கும்? மழைக்காலம் வந்ததும் மூலை மூலையாகப் பெயின்ட் பொங்கி, உள்ளே செந்துரு.

பவுடர் கோட்டிங் என்று பில் போட்டதும் பொய். பவுடர் என்றால் கிட்டத்தட்ட 180 முதல் 200 பாகை செல்சியஸ் அடுப்பில் வைத்து உருக்கி இறுக்குவது. வெள்ளைத் துணியில் கொஞ்சம் தின்னர் தொட்டு உள்பக்கம் தேய்த்துப் பாருங்கள். சரியாக இறுகிய பவுடர் இலேசில் கரையாது. இது துணியில் கறுப்பாக வழிந்தது. சாதாரண ஸ்ப்ரே.

இன்னொன்று, உயிரோடு சம்பந்தப்பட்டது. பெயின்ட் எதுவானாலும் பவர் சப்ளை உட்காரும் இடத்திலும் தாங்கிகளின் அடியிலும் படக்கூடாது. கேசிங்குக்கு எர்த் கிடைப்பது அந்தத் தொடுகையால்தான். இங்கே முழுவதும் அடித்து மூடியிருந்தார்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பிளக்கின் எர்த் பின்னிலும் மற்றதைக் கேசிங்கின் சுரண்டிய இடத்திலும் வைத்தால் ஒரு ஓமுக்குக் கீழே காட்டவேண்டும். எதுவும் காட்டாவிட்டால், உள்ளே ஒரு லைன் வயர் தோல் உரிந்து தகட்டில் பட்டாலும் ட்ரிப் சுவிட்ச் விழாமலே இருக்கும், தொடுகிறவர் வாங்கிக்கொள்வார். எர்த் இல்லாத பழைய வயரிங் உள்ள வீடுகளில் இன்னும் கவனம் வேண்டும். சப்ளை நல்லதாக இருந்தாலும் அதனுள் உள்ள சிறு கப்பாசிட்டர்கள் வழியாக 115 வோல்ட் அளவு மின்னழுத்தம் அதன் பெட்டியில் மிதந்து நிற்கும், தொட்டால் விரலில் சுள்ளென்று இழுக்கும். கணினி பூட்டும் முன், அதைச் செருகும் பிளக் பொயின்டுக்கு எர்த் வைப்பியுங்கள்.

திருப்பிக் கொண்டுபோனபோது சொன்ன பதில், “பெயின்ட் அடிச்சாச்சே, இனி என்ன செய்ய?” என்பது. அதனால்தான் சொல்கிறோம், வெறும் தகடாகவே வாங்குங்கள். பெயின்ட் தனி வேலை, தனிக் காசு, அளந்து பார்த்த பிறகு. வெட்டிய தகட்டை மடிக்கும் முன்பே நிறுத்துப் பார்க்கலாம், பலசரக்குக் கடைத் தராசு போதும். 415.8 × 300 மி.மீ. இரும்புத் துண்டு 1.2 தடிப்பானால் கிட்டத்தட்ட 1,175 கிராம், 0.8 ஆனால் 785 கிராம்கூட இராது. தராசை ஏமாற்ற முடியாது. மடிப்பை மட்டும் பட்டறைக்குக் கொடுங்கள். துளைகளை மடிப்பதற்கு முன் வீட்டிலேயே போட்டுவிடுங்கள், தாளில் ஒன்றுக்கு ஒன்று அளவில் அச்சடித்து ஒட்டி, சென்டர் பஞ்ச் (துளை நடுவில் குழி போடும் உளி) அடித்து, எம்3 மரைக்கு 2.5 மி.மீ., 3.2 பொப் ரிவெட்டுக்கு 3.3 மி.மீ. பிட் போட்டு. அச்சு சுருங்கியிருக்கிறதா என்று 157.48 கோட்டை முதலில் அளந்துகொள்ளுங்கள். மடிப்புக் கோட்டுக்கு 5 மி.மீ.க்குள் துளை வந்தால் மடிக்கும்போது அது நீள்வட்டமாகிவிடும்.

ஏற்கெனவே இப்படி ஒன்று கையில் வந்து மாட்டியிருந்தால் எறியத் தேவையில்லை. பிழையான தாங்கியைக் கழற்றி எடுத்துவிட்டு 22.86 உள்ளே புதிய துளை போடுங்கள். ஐ.ஓ. வெட்டைச் சுற்றி உள்பக்கம் 0.3 அல்லது 0.4 மி.மீ. தகட்டில் சட்டம் வெட்டி ரிவெட் அடித்தால் ஷீல்ட் கவ்வும், ரிவெட் தலை ஷீல்டில் முட்டாத தூரத்தில் அடியுங்கள். 6-32 வருகிற இடங்களில் மரையை நம்பாமல் பின்னால் நட் வையுங்கள். சப்ளை உட்காரும் இடத்தில் நான்கு திருகாணியைச் சுற்றியும் வெறும் உலோகம் தெரியச் சுரண்டி, பல் வைத்த வாஷர் போட்டு இறுக்குங்கள். மூலைப் பட்டியை முழுவதும் கொத்தி எடுத்து, கம்பி பிரஷால் துருவைத் தேய்த்து, எட்ச் பிரைமர் (உலோகத்தில் பற்றும் முதற்பூச்சு) அடித்த பிறகே பெயின்ட். உள்ளே தூள் ஒன்றுகூட மிஞ்சாமல் துடைத்துவிட்டுத்தான் போர்டை இறக்கவேண்டும்.

காசைத் திருப்பித் தராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம், தொலைபேசி 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி மூன்று மாதத்துக்குள் முறையிடவேண்டும், ஆகவே இழுத்தடிக்க விடாதீர்கள். பில், நீங்கள் கொடுத்த படம், சுரண்டிய ஓரத்தில் வேர்னியர் 0.8 காட்டும் புகைப்படம், மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். பில் தர மறுக்கும் பட்டறைக்கு அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள்.